பானட் திறந்தால் ஏன் கூட்டம் கூடுகிறது?

நெம்புகோல் எழுதியது:

வண்டி ஓரமாக நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பானட்டைத் தூக்கிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் நிற்பார்கள். அறிமுகம் கிடையாது, பெயர் கேட்பதும் கிடையாது. தொட்டில் குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் மாதிரி குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் "பேட்டரியா இருக்கும்" என்பார். அடுத்தவர் பேட்டரி கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு "பேட்டரி இல்லை" என்பார். மூன்றாமவர் வாயே திறக்கமாட்டார், டயரை ஒரு தட்டு தட்டுவார். நான்காமவர்தான் தலைவர். "எங்கே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். மற்ற மூவரும் உடனே அமைதியாகிவிடுவார்கள்.

கார் என்றால் ஆண்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்? கம்பெனியில் ஒழுங்காகப் பூட்டி அனுப்பியதைப் பிரித்துப் பார்க்கிற ஆசை எங்கிருந்து வருகிறது? என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். இது பணம் மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை. மிச்சமாகிற பணம் அடுத்த ஸ்பேனர் செட்டுக்குப் போய்விடும். வாழ்க்கையில் பாதிச் சிக்கலுக்குக் காரணமே பிடிபடாது. வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். தேடினால் கிடைக்கும், கையால் தொடலாம், மாற்றலாம். அந்தச் சுகம் வேறு எதில் இருக்கிறது? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

பத்து எம்.எம். எழுதியது:

டயர் தட்டுகிறவர் என் ஆள், அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். லாரிக்காரர்கள் பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறதா என்று தட்டித்தான் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் காருக்கும் வந்துவிட்டது. காரில் அதனால் பெரிய பயன் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இழையில் பேசவேண்டிய முக்கியமான விஷயம் பத்து எம்.எம். சாக்கெட், போல்ட்டுத் தலையில் மாட்டித் திருப்புகிற அந்தக் குட்டிக் குழல். சொந்தமாக வேலை பார்க்கிற எல்லோர் வீட்டிலும் காணாமல் போவது அதுதான். பூதம் கொண்டுபோகிறது என்று சிலர் நினைக்கிறார்கள், காரணம் ரொம்ப எளிது. காரில் சின்ன வேலைக்கெல்லாம் போடுவது எம்6 போல்ட்டு (தண்டு 6 மில்லிமீட்டர் தடிமன்), அதன் தலை 10 மில்லிமீட்டர். பேட்டரி முனை, ஏர் ஃபில்டர் பெட்டி, இன்ஜின் மேல்மூடி, பிளாஸ்டிக் மறைப்பு என்று எதைக் கழற்றப் போனாலும் அதைத்தான் எடுக்கவேண்டும். அடுத்த அளவுகளில் இந்த ஒற்றுமை கிடையாது. எம்8 போல்ட்டுக்கு ஜப்பான் வண்டியில் 12, ஐரோப்பிய வண்டியில் 13. ஆக, நாள் முழுக்கக் கையில் எடுத்து, ஏதோ ஒரு விளிம்பில் வைத்து, மறந்து, வண்டிக்குள்ளேயே விழுவது பத்துதான்.

மழைக்குருவி எழுதியது:

எங்கள் வீட்டு டூல் பெட்டியில் எட்டு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, பதினொன்று இருக்கிறது. பத்துக்கான குழி மட்டும் காலி. அப்பா அந்தக் குழியைத் தினமும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடுகிறார்.

பட்டறைக்காரன் எழுதியது:

நான் தொழில்முறை மெக்கானிக். இத்தனை பேர் ஆசையாகப் பேசுகிற இடத்தில் எதிர்க்கட்சிக்கும் ஒரு ஆள் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் பிரித்த வண்டி பட்டறைக்கு எப்படி வரும் தெரியுமா? முதலில் வண்டி கயிற்றில் வரும். பின்னாலேயே ஒரு பை வரும். பையைக் கவிழ்த்தால் போல்ட்டும் கிளிப்பும் வாஷரும் கலந்து கொட்டும். கூடவே ஒருவர் வருவார். "எல்லாமே கழற்றி வச்சிட்டேன், நீங்க மாட்டினா மட்டும் போதும்" என்பார். பாதி வேலையை முடித்துக் கொடுத்த திருப்தி அவர் முகத்தில் நிஜமாகவே இருக்கும். வேறொருவர் கழற்றியதை மாட்டுவதற்கு முழு வேலையைவிட அதிக நேரம் ஆகும் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

மாட்டியபிறகு கையில் மீதியாகும் போல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லோரும் ஒரே வசனம்தான்: "இது கம்பெனிக்காரன் கூடுதலா போட்டது." அப்படி எந்தக் கம்பெனியும் போடுவதில்லை. லட்சக்கணக்கில் வண்டி செய்கிறவன் ஒரு போல்ட்டு குறைந்தாலும் லாபம் என்று கணக்குப் போடுகிறவன். மீதியானது எங்கேயோ ஒரு மூடியைப் பிடித்திருந்த போல்ட்டு. அது இல்லாத குறையை மூடி சில மாதம் கழித்துச் சத்தமாகச் சொல்லும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை மனசாரச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள் வீட்டில் கை வைத்துப் பழகியவர்கள்தான். மற்றவர்கள் வந்து "வண்டி சரியில்லை" என்பார்கள், அதோடு முடிந்தது. இவர்கள் "காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும், இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் வருகிறது" என்பார்கள். அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நிலாமுற்றம் எழுதியது:

ஆண்களுக்கு ஏன் பிரியம் என்று கேட்டதற்கு என் பதில்: அவர்கள் கையில் சின்ன வயதிலேயே திருப்புளியைக் கொடுத்தார்கள், எங்கள் கையில் டார்ச்சைக் கொடுத்தார்கள்.

டார்ச் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அப்பா வண்டிக்கு அடியில் இருப்பார். "இங்கே காட்டு" என்பார். எங்கே என்று தெரியாது. "நான் பார்க்கிற இடத்தில் காட்டு" என்பார். அவர் எங்கே பார்க்கிறார் என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளிக் காட்டினால் "என் கண்ணில் அடிக்காதே". கை வலித்து இறக்கினால் "இப்பத்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள எடுத்துட்டியே". அப்படிப் பிடித்துப் பிடித்தே ஆல்டர்னேட்டர் எது, ஸ்டார்ட்டர் எது என்று எனக்குப் பாடமாகிவிட்டது. அவருடன் அதிகம் பேசியதும் அந்த நேரத்தில்தான், அதற்காக டார்ச்சை இப்போதும் மன்னித்துவிடுகிறேன்.

அப்புறம் ஒரு சரித்திரம். காரில் முதல் நெடும்பயணம் போய், வழியில் ரிப்பேரும் பார்த்தவர் ஒரு பெண். கார்ல் பென்ஸ் 1886-ல் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கி என்ன, அது நெடுந்தூரம் போகும் என்று யாரும் நம்பவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். பெட்ரோல் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்த மின்கம்பிக்குக் காலுறைப் பட்டியை உறையாகச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது விஸ்லோக் ஊரில் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற பெட்ரோலிய திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். பிரேக்குக்கு லைனிங் வந்த கதையே அதுதான். திரும்பி வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவருக்கு யோசனையும் சொன்னார். டூல் பெட்டி கிடையாது, பானட்டைச் சுற்றி ஆலோசகர்களும் கிடையாது.

போகிற போக்கில் ஒரு கேள்வி. எங்கள் வண்டியில் சின்ன மேடுபள்ளம் ஏறினால் முன்பக்கம் கடகட என்று சத்தம் வருகிறது. போன மாதம் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். சத்தம் அதற்குப் பிறகுதான். "ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

நெம்புகோல் எழுதியது:

பெர்த்தா கதைக்கு ஒரு வணக்கம். தலைப்பில் ஆண்கள் என்று போடாதது நல்லதாய்ப் போயிற்று.

சத்தத்துக்கு வருவோம். கடகட என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு. அதன் பந்து மூட்டு தேய்ந்தால் சின்னச் சின்னப் பள்ளத்தில்தான் அதிகம் ஆடும்.

பத்து எம்.எம். எழுதியது:

கடகடவா, கடக் கடக்கா? இதைத் தெளிவாகச் சொன்னால்தான் தீர்ப்பு சொல்லமுடியும். ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பி மெல்ல நகர்த்தும்போது டக் டக் டக் என்றால் சி.வி. ஜாயின்ட், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. வேகம் ஏற ஏற உம்ம்ம் என்று ஏறினால் வீல் பேரிங். அதுவும் ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் சந்தேகமே இல்லை. காலையில் எடுத்தவுடன் கிறீச் என்றால் பெல்ட். பிரேக் பேட் தேய்ந்தாலும் ஒரு கிறீச் உண்டு. அந்தக் கிறீச் வேண்டுமென்றே வைத்தது. பேட் மெலிந்ததும் தட்டில் உரசட்டும் என்றே ஒரு சின்னத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஜிர்ர் என்று வந்து போனால் சைலென்சர் மேல் இருக்கும் வெப்பத் தகடு தளர்ந்திருக்கும்.

சாய்ந்த தலை எழுதியது:

டிக் என்று ஒரே ஒரு தடவை கேட்டு ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். டிக்டிக்டிக்டிக் என்று அடுக்கினால் பேட்டரி பலவீனம், இல்லாவிட்டால் பேட்டரி முனையில் பூத்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்கவேண்டும். பானட்டைச் சுற்றி நிற்கிற நாலு பேரில் முதலாமவரும் இரண்டாமவரும் சண்டை போடாமல் இருக்க மல்டிமீட்டர் ஒன்றே வழி.

நிலாமுற்றம் எழுதியது:

கடகடதான். கடக் கடக் இல்லை. வீட்டில் இதை வைத்து ஒரு ஒத்திகையே நடந்தது. நான் வாயால் சத்தம் போட்டுக் காட்டினேன், வீட்டுக்காரர் ஒரு மாதிரி போட்டார், கொழுந்தன் வேறு மாதிரி போட்டார். மாமியார் உள்ளிருந்து வந்து அமைதியாகக் கேட்டுவிட்டுக் கொழுந்தன் போட்டதுதான் சரி என்றார்.

பட்டறைக்காரன் எழுதியது:

தங்கச்சி, லிங்க்காகவும் இருக்கலாம். ஆனால் கடைசியாக எங்கே கை வைத்தார்களோ அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்கவேண்டும், இது என் தொழிலில் முதல் விதி. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைப் பாருங்கள். அப்புறம் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டை வெளியிலிருந்து கையால் தட்டிப் பாருங்கள். ஜாக்கி போட்டு அடியில் போகாதீர்கள், ஓரமாகக் கையை விட்டாலே எட்டும்.

சாய்ந்த தலை எழுதியது:

இதற்கிடையில் எனக்கு ஒரு ஆதங்கம். எந்தச் சத்தத்துக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்பவர்களை என்ன செய்வது? அது 1953-ல் வந்தது. நீரை விரட்டித் துருப் பிடிக்காமல் காக்கத்தான் செய்தார்கள், நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குப் பூசியது. இறுகிய போல்ட்டைத் தளர்த்த, ஈரம் போக்க, ஒட்டிய பிசினை எடுக்க அருமையான பொருள். கதவுக் கீலுக்கு அடித்தால் ஒரு வாரம் சத்தம் நிற்கும், கூடவே இருந்த கிரீஸும் கழுவிக்கொண்டு போய்விடும். அடுத்த வாரம் முன்பைவிடப் பெரிதாகக் கத்தும். கீலுக்குக் கிரீஸ் வையுங்கள். தயவுசெய்து.

மழைக்குருவி எழுதியது:

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் அடிக்கிற விதத்தில் இருக்கு" என்கிறார்.

நிலாமுற்றம் எழுதியது:

கிடைத்துவிட்டது! பட்டறைக்கார அண்ணன் சொன்னபடி கீழ்த்தட்டைத் தட்டியதும் உள்ளே ஏதோ உருண்டது. தட்டின் ஓர முனையில் ஒரு பத்து எம்.எம். சாக்கெட். ஏர் ஃபில்டர் மாற்றிய நாளிலிருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் எங்களுடன் சேர்ந்து குதித்திருக்கிறது. எடுத்துக் கழுவி மேசைமேல் வைத்தேன். சத்தத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றவர்கள் இருவரும் அதைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் மட்டும்தான். "இது கிடைச்சதே பெரிய விஷயம்" என்றார் கொழுந்தன்.

பத்து எம்.எம். எழுதியது:

கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படி ஒன்று திரும்பக் கிடைத்ததாக நான் கேட்பதே அபூர்வம்.

நெம்புகோல் எழுதியது:

இன்னொரு சந்தேகம். இந்தப் பழக்கம் இனி நிலைக்குமா? ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வந்தது. அதை வாங்கியவர் பாதி மெக்கானிக்காக ஆகியே தீரவேண்டும். ஆரம்ப வருடங்களில் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மறுபக்கம் சுற்றிப் பிடித்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ போகும். 1912-ல் கடிலாக் மின்சார ஸ்டார்ட்டர் வைத்ததும்தான் அந்தப் பயம் விலக ஆரம்பித்தது. இன்றைக்கு பானட்டைத் திறந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. எட்டிப் பார்க்கிற நாலு பேரும் அந்த மூடியைப் பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்புகிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

சாய்ந்த தலை எழுதியது:

மூடியைக் கழற்றுங்கள், பெரும்பாலும் பத்து எம்.எம். இல்லாவிட்டால் மேலே இழுத்தாலே வந்துவிடும்.

கணினி வந்ததால் வழி அடைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 கட்டாயம், வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் முறை அது. இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான கார்களில் அதே பதினாறு முனை சாக்கெட் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. சின்னக் கருவியைச் செருகினால் வண்டியே தன் குறையைச் சொல்கிறது. அது காட்டும் குறியீடு பி0301 என்றால் ஒன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். குறியீட்டைப் பார்த்ததும் ஸ்பார்க் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில், இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுவார்கள். குறியீடு சொல்வது குறையை மட்டும்தான், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. ஒன்றாம் சிலிண்டர் காயிலை மூன்றுக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303 ஆகிவிட்டால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். ஒரு காசு செலவில்லாமல் துப்பறிந்த அந்தச் சாயங்காலம் மாதிரி வேறொன்று கிடையாது.

மின்வண்டி எழுதியது:

என்னிடம் இருப்பது மின்சாரக் கார். பானட் திறந்தால் காலிப் பெட்டிதான். முதல் தடவை திறந்தபோது வந்து பார்த்தவர் இரண்டு நிமிடம் பேசவே இல்லை. கடைசியில் டயரைத் தட்டினார்.

ஆனாலும் எனக்கு வேலை இருக்கிறது. வைப்பர், கேபின் ஃபில்டர் (வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டுவது), டயர் இடமாற்றம், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் நானே பார்க்கிறேன். அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி எழுந்திருக்காது என்பது பலருக்குத் தெரியாது. ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் மட்டும் போகமாட்டேன். அதில் நானூறு வோல்ட், சில வண்டிகளில் எண்ணூறு. அது பயிற்சி பெற்றவர்களின் இடம்.

பட்டறைக்காரன் எழுதியது:

மின்வண்டி சொன்ன கடைசி வரிக்காக மறுபடி எழுதுகிறேன். இந்த இழை நன்றாகச் சிரிக்க வைத்தது, அதனால் இதையும் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்க இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவரை யாராக இருந்தாலும் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு, ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடி தளர்ந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்துக்கு வரும். ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறக் கனெக்டரில் இருக்கும், அங்கே கை வேண்டாம். பிரேக்கைப் பொறுத்தவரை, முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

மற்றதெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் முழுக்கத் தரையில். ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைப் பலம் காட்டி இறுக்காதீர்கள், அலுமினிய சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) மரை போய்விடும். எந்தப் போல்ட்டையும் முதலில் விரலால் மாட்டுங்கள். ஒரு சுற்று பின்பக்கம் திருப்பினால் மரை "டக்" என்று இடத்தில் விழும், அங்கிருந்து முன்னால் திருப்புங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். பையில் கொட்டாதீர்கள், ஒவ்வொரு இடத்துப் போல்ட்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள்.

மழைக்குருவி எழுதியது:

அண்ணே, நான் புதிதாக ஆரம்பிக்கிறேன். முதலில் என்ன வாங்கவேண்டும்? எந்த வேலையில் தொடங்கலாம்?

பட்டறைக்காரன் எழுதியது:

நல்ல ஸ்டாண்டு இரண்டு. அப்புறம் ஒரு டார்க் ரெஞ்ச், எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் ஸ்பேனர். சக்கர நட்டை ஸ்பேனர்மேல் ஏறி மிதித்து இறுக்குகிற வழக்கத்தை உன் தலைமுறையிலாவது நிறுத்தவேண்டும். பல சிறிய கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உன் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஒன்றை விட்டு ஒன்று எதிரெதிராக இறுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்.

முதல் வேலையாகக் கேபின் ஃபில்டர் எடுத்துக்கொள். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், டூலே வேண்டாம்.

பத்து எம்.எம். எழுதியது:

பத்து எம்.எம். சாக்கெட் இரண்டாக வாங்கிக்கொள் தம்பி.

மழைக்குருவி எழுதியது:

தங்கச்சி என்று சொல்லுங்கள் அண்ணே!

கேபின் ஃபில்டரை எடுத்துவிட்டேன். பழையதில் பாதி சருகு, ஒரு இறகு, ஒரு பேருந்து டிக்கெட். அது எப்படி அங்கே போனது என்று வீட்டில் பெரிய விசாரணை நடக்கிறது. டார்ச் அப்பா பிடித்தார். "இங்கே காட்டுங்கப்பா" என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பை நான் விடவில்லை. புதியதை வைக்கும்போது ஒரு சந்தேகம்: ஓரத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறது. மேலேயா கீழேயா?

பட்டறைக்காரன் எழுதியது:

அம்பு காற்று போகிற திசை. பல வண்டிகளில் கீழ்நோக்கி வரும். உன் வண்டியில் பழையது எப்படி இருந்தது என்று போனில் எடுத்த படத்தைப் பார். எடுத்தாய்தானே?

மழைக்குருவி எழுதியது:

எடுத்தேன் அண்ணே. கீழ்நோக்கித்தான். மாட்டியாயிற்று. அடுத்த ஞாயிறு ஏர் ஃபில்டர்.